மாற்ற வேண்டிய பாகம்

மண் வேலை எடுத்துச் செய்யும் மண்ணுக்காரருக்கு ஒரு எக்ஸ்கவேட்டர் உண்டு, ஒரு மச்சினன் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை உட்காரவைத்திருந்தார். அப்படி இருந்தவரை இரண்டும் ஓடின.

மச்சினன் அதற்கு முன் கைவைக்காத தொழில் இல்லை. செல்போன் கடை வைத்தான். கடைசியில் மிஞ்சியது ஷட்டர் மட்டும். கோழி வளர்த்தான், கோழிகளுக்கே அவன்மேல் நம்பிக்கை வரவில்லை. அக்கா தினமும் புருஷன் காதில் ஓதி ஓதி அவனை வண்டியில் ஏற்றிவிட்டாள். ஏறிய பிறகுதான் அவனுக்கு வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்பது தெரியவந்தது. வாய் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். கை நூல் பிடித்தாற்போல் குழி வெட்டும். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு ஆயுளில் முதல் தடவையாகப் பதில் கிடைத்ததால், ஒரு மனிதர் பெண் கொடுக்கவும் சம்மதித்திருந்தார். சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கிழிந்த ரெக்சின் இருக்கையைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது.

அந்த வண்டி ஒருநாள் ஏரிக்கரையில் மூச்சு வாங்கியது. பக்கெட்டை மண்ணில் குத்தி இழுத்தால் எஞ்சின் இருமியது, கறுப்பாகக் கக்கியது, பலம் பாதியாக இறங்கியது. பக்கெட்டைச் சும்மா ஆட்டினால், விருந்தாளி முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி ஒழுங்காக நின்றது.

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. இந்த டீசல் எஞ்சினில் டர்போ என்று ஒன்று இருக்கிறது. வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே காற்றைத் திணிப்பது அதன் தொழில். எவ்வளவு திணிப்பது என்பதை அளக்க அதற்குள் சின்னச் சின்ன இதழ்கள். இதழ்களைத் திருப்ப ஆக்சுவேட்டர் என்று ஒரு குட்டி மோட்டார். மோட்டாரை மேய்க்க ஒரு கன்ட்ரோல் பெட்டி. பெட்டி ‘இவ்வளவு திற’ என்று கேட்கும். மோட்டார் ‘இவ்வளவு திறந்தேன்’ என்று ஒயர் வழியாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்ட எடைக்கும் போட்ட எடைக்கும் ஒத்துப்போகாவிட்டால் நாம் என்ன செய்வோம்? பையைச் சுருட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்குவோம். பெட்டியும் அதைத்தான் செய்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிவது, பலம் குறைவது எல்லாம் அதன் கோபம்.

வாரண்டி இருக்கும் வண்டி. வெளியாள் கை பட்டால் வாரண்டி செத்துவிடும். ஆகவே டிரெய்லரில் ஏற்றி, கம்பெனியின் பழுதறி மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

“மாப்ள, அங்க பெரிய மனுஷங்க இருப்பாங்க. வாயை வீட்டுலயே வச்சிட்டு வா.”

“வாயை வச்சிட்டு வந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது மாமா.”

மையம் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம். சாலையைவிடப் பள்ளத்தில் இருந்தது. வருகிறவர்கள் இறங்கி வர வேண்டும் என்பது நிர்வாகத்தின் கொள்கை. முற்றம் முழுக்க வெள்ளை டைல்ஸ். எக்ஸ்கவேட்டரின் சங்கிலிப் பட்டைகளுக்குத் துணி உறை மாட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

“என்ன புகார் சார்?” என்றாள் வரவேற்புக்காரி.

“இழுவை இல்லம்மா. புகையா வருது. கூட ஒரு விசில் சத்தம்.”

“சத்தம்கிறது உங்க கருத்து சார். கருத்தெல்லாம் எடுத்துக்க மாட்டோம். வண்டி என்ன சொல்லுதோ அதுதான்.”

மச்சினன் மேஜைமேல் சாய்ந்தான். “வண்டி சொல்லாததையா நாங்க சொல்றோம்? நாங்க என்ன அதுக்கு மாமியாரா?”

“வண்டி எங்ககிட்ட சொல்லணும் சார். உங்ககிட்ட சொன்னா செல்லாது.”

வண்டி பேச ஏற்பாடாயிற்று. வெள்ளைக் கையுறை மாட்டிய இருவர் தள்ளுவண்டியில் லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் இருந்த ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மண்ணுக்காரரும் எதற்கு என்று தெரியாமல் தலையில் இருந்த துண்டை எடுத்தார். கேபிளைச் செருகுமுன் லேப்டாப்காரர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். மந்திரம் என்று மண்ணுக்காரர் நினைத்தார். பாஸ்வேர்டு.

திரையில் எழுத்து வந்தது. லேப்டாப்காரர் உரக்க வாசித்தார்: “டர்போ இதழ்கள். கேட்ட நிலையும் சொன்ன நிலையும் பொருந்தவில்லை. தற்சமயம் இல்லை. முன்பு இருந்தது.”

“அதேதான் சார்! மண்ணை அள்ளினா உடனே வரும்” என்றார் மண்ணுக்காரர்.

“இங்க மண் கிடையாது சார்.”

உண்மைதான். மையத்தில் மண் என்று இருந்தது பூந்தொட்டிகளில் மட்டும். மச்சினனின் கண் அந்தப் பக்கம் போனது.

“அந்தத் தொட்டியில ஒரு குத்து குத்திக் காட்டட்டுமா?”

“தொட்டி டைரக்டர் வச்சது.”

எனவே காலிப் பக்கெட்டைத் தூக்கி இறக்கிச் சோதித்தார்கள். வண்டி சமர்த்தாகத் தூக்கியது, சமர்த்தாக இறக்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். ‘ஓய்வில் பூரண ஆரோக்கியம்’ என்று முத்திரை குத்தி அனுப்பிவைத்தார்கள்.

வெளிவாசலுக்குப் போக ஒரு சரிவு ஏற வேண்டும். பாதிச் சரிவில் வண்டி இருமியது, கக்கியது, நின்றது. அங்கே ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிராக்டர், டிராக்டரில் இரும்புக் கயிறு. எழுந்துவந்து, ஒரு வார்த்தை கேட்காமல், கயிற்றை மாட்டினார்.

“எப்பவும் இங்கதான் இருப்பீங்களா?” என்றார் மண்ணுக்காரர்.

“மையம் திறந்த நாள்லேர்ந்து. குணமானதுன்னு அனுப்புன வண்டி ஒண்ணுகூட தானா ஏறிப் பார்த்ததில்ல. நிம்மதியான உத்தியோகம்.”

வண்டி திரும்ப உள்ளே வந்தது. லேப்டாப்காரருக்கு வருத்தம். “சரிவு எங்க எல்லைக்கு வெளியில சார். அங்க நடக்கிறது உங்க வண்டிக்கும் பூமிக்கும் உள்ள தகராறு. இருந்தாலும் வாடிக்கையாளர் திருப்திக்காக மரத்துல ஏத்துறோம்.”

மரம் என்பது கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த ஒரு படம். பழுதறி மரம் என்று பெயர். அடியில் பழுது, மேலே கிளை கிளையாகக் கேள்விகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரே பேச்சு: பாகத்தை மாற்று, குணமாகவில்லையென்றால் அடுத்த கிளைக்கு ஏறு.

முதல் கிளையில் டர்போவை மாற்றினார்கள். வண்டி சரிவு வரைக்கும் போய்த் திரும்பிவந்தது. அடுத்த கிளையில் ஆக்சுவேட்டரை மாற்றினார்கள். புது மோட்டாருக்கு இதழ் முழுக்க மூடுவது எங்கே, முழுக்கத் திறப்பது எங்கே என்று லேப்டாப் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு மையத்தில் கல்வி என்று பெயர். விளக்கை அணைத்தார்கள், செல்போன்களை வாங்கி வைத்தார்கள், தும்மப் பார்த்த மச்சினனை வெளியே அனுப்பினார்கள். இருட்டுக்குள் மோட்டார் ‘க்ரிக்’ என்றது. “கற்றுக்கொண்டது” என்றார் லேப்டாப்காரர், குரல் தழுதழுக்க. கற்றுக்கொண்டது சரிவு வரைக்கும் போய்த் திரும்பிவந்தது. மூன்றாவது கிளையில் கன்ட்ரோல் பெட்டியையே மாற்றினார்கள். இந்தத் தடவை கயிற்றுக்காரர் முன்கூட்டியே கயிற்றைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

இதற்கிடையில் ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது. ஆக்சுவேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயர், ஒரு தகட்டு விளிம்பில் உரசி, உறை கிழிந்து, உள்ளே செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் சிரமப்பட்டு அதிரும்போதெல்லாம் அது தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகும். கையுறைக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் அந்த ஒயரை மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டுப் பாகத்தை மாற்றினார்கள். மாற்றி முடித்ததும் அதே ஒயரை அதே தகட்டின்மேல் அதே இடத்தில் வைத்தார்கள்.

மண்ணுக்காரருக்குப் பொறுக்கவில்லை. “சார், இந்த ஒயர்…”

முற்றத்தில் யாரோ ஒருவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. கொஞ்ச நேரத்தில் மண்ணுக்காரரை மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே தலைமைப் பழுதறிஞர் இருந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. கிரீஸ் என்ற பொருளை அவர் படத்தில்தான் பார்த்திருப்பார்.

“ஒயர்னு சொன்னீங்களாம்.”

“தப்பா இருந்தா மன்னிச்சிருங்க சார்.”

“தப்பா? நூத்துக்கு நூறு சரி. நான் முதல் நாளே இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டேன்.” அவர் அன்பாகச் சிரித்தார். “உட்காருங்க. நீங்க வியாபாரக் குடும்பம், சொன்னா புரிஞ்சுக்குவீங்க. ஒயர்னு ஒத்துக்கிட்டா நான் என்ன செய்யணும்? டேப்பைச் சுத்தி, தகட்டைக் கொஞ்சம் வளைச்சு, டீ ஆறுறதுக்குள்ள உங்களை அனுப்பணும். அதுக்கு மூணு மாடி எதுக்கு? லேப்டாப்புக்குத் தள்ளுவண்டி எதுக்கு? நான் எதுக்கு? தெருமுனை மெக்கானிக் பழுதைக் கண்டுபிடிப்பான். கண்டுபிடிச்சதும் அது செத்துப்போயிடும். நாங்க அப்படி இல்ல. பழுதை வளர்ப்போம். நல்லா படிக்க வச்சு, அதுக்கு ஒரு துறை அமைச்சு, அந்தத் துறைக்கு ஒரு தலைவரைப் போட்டு, கடைசியில அது நம்ம எல்லாரையும் உட்கார வச்சுச் சோறு போடும். பெத்த பிள்ளை செய்யாது சார் இதை.”

“அந்த ஒயரை மரத்துல ஒரு ஓரமா சேர்த்துட்டா…”

“மரத்தை வரைஞ்சதே நான்தான். ஒயரை எவ்வளவு கஷ்டப்பட்டு அதுல சேர்க்காம விட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது.”

மண்ணுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். “அப்ப என் வண்டிக்கு வழி?”

“மரத்துல உச்சியில ஒரு இலை பாக்கி இருக்கு. டர்போ புதுசு. ஆக்சுவேட்டர் புதுசு. பெட்டி புதுசு. எல்லாம் புதுசா இருந்தும் பழுது நிக்குதுன்னா, வண்டியில இன்னும் மாத்தாத பாகம் எது?”

ஜன்னல் வழியே கீழே காட்டினார். கிழிந்த ரெக்சின் இருக்கையில் உட்கார்ந்து மச்சினன் கையுறைக்காரர் ஒருவரின் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தான்.

அவனை மேலே வரவழைத்தார்கள். லேப்டாப்காரர் எதிரில் உட்கார்ந்து விசைகளின்மேல் விரல்களை வைத்துக்கொண்டார்.

“உட்காருங்க” என்றார் தலைமைப் பழுதறிஞர்.

“பரவால்ல, நிக்கிறேன்.”

“கேட்டது உட்காருதல், வந்தது நிற்றல். பொருந்தவில்லை” என்று தட்டினார் லேப்டாப்காரர்.

“உங்க வேலை என்ன?”

“முதல்ல உங்க வேலை என்னன்னு சொல்லுங்க. இத்தனை நாளா பார்க்கிறேன், எனக்கும் விளங்கல, அந்தக் கயித்துக்காரருக்கும் விளங்கல.”

“பொருந்தவில்லை.”

“வலது கையைத் தூக்குங்க.”

தூக்கினான். ஆனால் ஓங்கித் தூக்கினான்.

“கேட்டதைவிட அதிகத் திறப்பு” என்றார் லேப்டாப்காரர், நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி.

தலைமைப் பழுதறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வண்டியில என்ன பழுதோ அதே பழுது. அச்சு அசல். மரம் பொய் சொல்லாது.” பிறகு மண்ணுக்காரர் பக்கம் திரும்பினார். “வண்டிதான் பழுதுன்னு நீங்க நின்னீங்கன்னா, மரத்துல கிளை இல்ல. புதுக் கிளை முளைக்கிற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கும். பழுது இந்தப் பாகம்தான்னு ஒத்துக்கிட்டா வண்டியை இன்னைக்கே ஓட்டிட்டுப் போகலாம். வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டியும் தர்றோம்.”

இத்தனை நாளும் மண்ணுக்காரர் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், இந்தக் கட்டடத்தில் யாரும் அவரிடம் ஒரு விலை சொல்லவில்லை என்பதுதான். விலை காதில் விழுந்த மறுகணம் முதுகு நிமிர்ந்தது, கண் தெளிந்தது, முகத்தில் இரண்டு தலைமுறைக் கடைவீதி வந்து உட்கார்ந்தது.

“ரெண்டு வருஷம் கட்டாது சார்.”

“சொந்தக்காரங்கன்னா கொஞ்சம் கூட்டலாம்.”

“சொந்த ரத்தம் சார்.”

“உங்க ரத்தமா?”

“வீட்டுக்காரி ரத்தம். அது இன்னும் விலை ஜாஸ்தி.”

“மூணு வருஷம்.”

“வீட்டுக்குப் போய் நான் பதில் சொல்லணும் சார். வெறும் மூணு வருஷத்தை வச்சுக்கிட்டு அவ முகத்துல எப்படி முழிப்பேன்? ஃபில்டர் செட்டாவது கூட இருக்க வேணாமா?”

“சரி, ஃபில்டர் செட்.”

மச்சினனுக்குப் பேரத்தின் பொருள் எது என்று தெரியாது. வண்டிக்காகத்தான் மாமா வாதாடுகிறார் என்று நினைத்தான். பேரம் என்றால் அவனுக்கும் சும்மா இருக்க முடியாது. அக்கா வளர்த்த பிள்ளை.

“மாமா, ஹைட்ராலிக் ஆயிலை விட்டுட்டீங்களே. கேளுங்க. தருவாங்க. இவர் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, இன்னும் கீழ இறங்குவார்.”

மண்ணுக்காரர் கேட்டார். தலைமைப் பழுதறிஞர் பெருமூச்சு விட்டு, ஒரு பேரல் ஆயிலும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

“பார்த்தீங்களா? நான் கூட வரலன்னா ஏமாந்திருப்பீங்க” என்றான் மச்சினன்.

மண்ணுக்காரரும் தலைமைப் பழுதறிஞரும் கை குலுக்கினார்கள். கையுறைக்காரர் ஒருவர் வந்து மச்சினனின் காலரில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டினார்.

“டேய், என்னடா இது?”

“கழட்டின பாகம் கம்பெனிக்குச் சொந்தம் சார். சர்வீஸ் பண்ணி வேற வண்டியில மாட்டுவோம்.”

மச்சினன் சிரித்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. “மாமா?”

“ஆயில் நீ கேட்டதாலதான் கிடைச்சது மாப்ள” என்றார் மண்ணுக்காரர், நெஞ்சில் கையை வைத்து. “அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

மாற்று ஆளை மையமே தந்தது. சத்தம் கேட்காதபடி காதை மூடும் பெரிய வளையம் மாட்டிய ஒரு மனிதன். பாதிச் சரிவில் வண்டி இருமியது, கக்கியது, நின்றது. கயிறு இழுத்தது, இந்தத் தடவை மேல்நோக்கி. “ஏதாவது புகார்?” என்று கேட்டார் லேப்டாப்காரர். “இல்லை” என்றான் காதுவளையம். எல்லோரும் கை தட்டினார்கள். ஏரிக்கரையில் வண்டி அதன்பிறகு பாதிப் பக்கெட் மண்ணைத்தான் அள்ளியது. ஆனால் புகார் இல்லாமல் அள்ளியது.

வீட்டில் மண்ணுக்காரர் நடந்ததை விவரமாகச் சொன்னார். ரெண்டில் ஆரம்பித்து மூன்றுக்கு ஏற்றியதை, ஃபில்டரைப் பிடுங்கியதை. மனைவி முழுக்கக் கேட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் மச்சினன் வந்தான். சர்வீஸ் முடிந்து, அவனை வேறொருவரின் வண்டியில் மாட்டியிருந்தார்கள். சட்டை தேய்த்திருந்தது. தலை வாரியிருந்தது. வாசலில் செருப்பை ஜோடியாக விட்டான்.

“உட்காருடா” என்றாள் அக்கா.

உட்கார்ந்தான்.

“சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேன்.”

“உன்னை அங்க விட்டுட்டு வந்தாரே இந்த மனுஷன், கோவமே வரலையா?”

“வரல.”

“என்னடா பண்ணாங்க உன்னை?”

“சரி பண்ணாங்க.”

“நாலு வார்த்தை திட்டேன்டா. என்னையாவது திட்டு.”

எந்த வார்த்தை என்று தெரிந்துகொள்ள அவன் பணிவோடு காத்திருந்தான்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மண்ணுக்காரர் மச்சினனைச் சுற்றிவந்து பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல. “எதுக்கு அழுற? வேலை சுத்தமா இருக்கு. பொண்ணு வீட்டுக்காரருக்குக்கூட ரொம்பத் திருப்தியாம், மாப்பிள்ளை எதிர்த்துப் பேசுறதே இல்லன்னு. எங்க, எனக்கு ஒரு டீ போடு.”

அவள் போடவில்லை. மறுபடி கேட்டார். அன்றைக்கும் மறுநாளைக்கும் கேட்ட எதற்கும் அவளிடமிருந்து பதில் வரவில்லை. மண்ணுக்காரர் யோசித்தார். திண்டாடும் மனிதன் யோசிக்கிற மாதிரி அல்ல; கையில் சரக்கு இருக்கும் மனிதன் யோசிக்கிற மாதிரி. அதற்கு அடுத்த நாள் காலையில் மையத்துக்குப் போன் போட்டார்.

“ஒரு சந்தேகம்மா. வீட்டு ஆளுங்களையும் எடுத்துக்கிறீங்களா?”

“உங்க வீட்டுலேர்ந்து ஏற்கனவே புகார் பதிவாகியிருக்கே சார்” என்றாள் வரவேற்புக்காரி.

“யாரு பதிஞ்சது?”

“அம்மாதான். நேத்தே எல்லாம் பேசி முடிச்சிட்டாங்க. வண்டி கிளம்பிடுச்சு சார், இந்நேரம் வந்திருக்கணும்.”

தெருவில் டிரெய்லர் பின்வாங்கும் சத்தம் கேட்டது. வெள்ளைக் கையுறைகள் இரண்டு ஜோடி கேட்டைத் திறந்தன. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திண்ணமாக வாசலில் நின்றாள், பக்கத்தில் தம்பி.

“மாமா காலைப் பிடி” என்றாள்.

பிடித்தான்.

கையுறைகளும் சேர்ந்து தூக்கியபோது மண்ணுக்காரர் முதலில் திமிறினார். அப்புறம் பழக்கம் மேலோங்கியது. தலைகீழாகத் தொங்கியபடியே, ரகசியம் கேட்கிறவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

“ஏய், எனக்கு என்ன தர்றாங்க?”

அவள் அவர் காலரில் மஞ்சள் அட்டையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஒண்ணும் தரல. உங்களை எடுத்துட்டுப் போறதுக்கு நாமதான் தரணும்னாங்க. பேசிக் குறைச்சேன்.”